கீழே கொலு, மேலே சர்வர்: வீட்டோடு கம்பெனி நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் என் மாமனார் கட்டிய வீடு. கீழ்த்தளத்தில் நாங்கள் குடியிருக்கிறோம்: அத்தை, என் கணவர், நான், இரண்டு பிள்ளைகள். அத்தை என்று நான் சொல்வது என் மாமியாரை. மாடியில் எங்கள் கம்பெனி. மருந்துக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து கொடுக்கிறோம். 2013இல் நானும் கணவரும் மட்டுமாக ஆரம்பித்தது, இன்று பதினொரு பேர் வேலை செய்கிறார்கள்.

சொந்தத் தொழில் தொடங்க நினைப்பவர்கள், அதிலும் பெண்கள், என்னிடம் வந்து பேசும்போது மென்பொருளைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. பண்டிகை, மாமியார், நகை, திதி, பிள்ளைகளின் பரீட்சை பற்றித்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. எல்லாம் எங்கள் வீட்டு அனுபவம். சட்டம், வரி சம்பந்தமானவற்றை உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பண்டிகையும் வேலையும் ஒரே நாளில் வந்தால் எதை விட்டுக்கொடுப்பீர்கள்?

பெரும்பாலும் எதையும் விட வேண்டி வருவதில்லை. வீட்டு நாட்கள் எல்லாம் ஒரு வருடத்துக்கு முன்பே தெரிந்தவை. கொலு என்றைக்கு, தை அமாவாசை என்றைக்கு என்று பஞ்சாங்கம் அச்சடித்தே கொடுத்துவிடுகிறது. கம்பெனியில் அடுத்த வாரம் என்ன வரும் என்பதே தெரியாது. அதனால் தெரிந்ததை முதலில் குறித்து வைக்கிறோம். இதை நாங்கள் கற்றுக்கொள்ள நான்கைந்து வருடம் ஆயிற்று.

மார்கழியில் தினசரி காலண்டர் கைக்கு வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை, கணவர், நான் மூன்று பேரும் உட்காருவோம். முதலில் அத்தை சொல்லச் சொல்லக் குறிப்போம். மாமாவின் திதி, மூன்று பெரிய அமாவாசைகள், கொலு, கார்த்திகை, பங்குனி உத்திரம். அதற்கு அப்புறம்தான் ஆபீஸ் தேதிகள்: மாதா மாதம் 11, 20 ஜிஎஸ்டி, ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15ஆம் தேதிகளில் முன்கூட்டிய வருமான வரி, எங்கள் மென்பொருளின் புதிய பதிப்பு வெளிவரும் நாட்கள். திதியை நகர்த்த முடியாது, அரசாங்கத் தேதியையும் நகர்த்த முடியாது. எங்கள் பதிப்புத் தேதியை நகர்த்தலாம், நகர்த்துகிறோம்.

முன்பே குறித்து வைத்தும் மோதிக்கொண்டால்?

2025இல் அப்படித்தான் ஆயிற்று. செப்டம்பர் 3ஆம் தேதி இரவு ஜிஎஸ்டி கவுன்சில் புதிய வரி விகிதங்களை அறிவித்தது. நடைமுறைக்கு வரும் நாள் செப்டம்பர் 22, நவராத்திரியின் முதல் நாள். பெரும்பாலான மருந்துகளுக்கு 12 சதவீத வரி 5 ஆயிற்று. 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரியே கிடையாது. கடையில் இருக்கும் பழைய ஸ்டாக்கில் பழைய விலைதானே அச்சாகியிருக்கும்? அட்டையில் வரி உட்பட 112 ரூபாய் என்று போட்ட மாத்திரையை 22ஆம் தேதி காலையிலிருந்து 105 ரூபாய்க்கு பில் போட வேண்டும். எங்கள் வேலை அது.

அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, மகாளய அமாவாசை. காலையில் முன்னோருக்குப் படையல். மத்தியானத்துக்கு மேல் பரணிலிருந்து பொம்மைப் பெட்டிகளை இறக்கிப் படி கட்ட வேண்டும். இரவு 12 மணிக்கு எல்லாக் கடையிலும் வரி மாற வேண்டும்.

தேதி தெரிந்ததும் நாங்கள் செய்தது ஒன்றுதான். புதிய விகிதங்களை முன்கூட்டியே கடைக் கணினிகளுக்கு அனுப்பிவிட்டோம். பில் தேதி 22 ஆனதும் அதுவே மாறிக்கொள்ளும்படி எழுதினோம். 18ஆம் தேதிக்குள் சோதித்து முடித்தாயிற்று. எனவே அமாவாசையன்று இரவு மாடியில் இரண்டு பேர் கண்காணித்தால் போதும் என்ற நிலைக்கு வந்தது. வழக்கமாக ஏழு படி வைப்போம். "ஒற்றைப்படையா இருந்தா சரிம்மா, இந்த வருஷம் அஞ்சு போதும்" என்று அத்தையே சொன்னார். இரவு ஒன்பது மணிக்கு என் மகள் மரப்பாச்சிக்குப் பட்டுத்துணி சுற்றிக்கொண்டிருந்தாள். அது என் அம்மாவின் கல்யாணப் புடவை கிழிந்தபோது வெட்டி வைத்த சரிகைத் துண்டு. அதை இடுப்பில் மடித்துச் செருகத் தெரியாமல் என்னிடம் கொண்டுவந்தாள். நான் கட்டிக் கொடுத்துவிட்டு மேலே போனேன். 12 மணி தாண்டியதும், இரவெல்லாம் திறந்திருக்கும் ஒரு கடையிலிருந்து முதல் பில் வந்தது. விலை சரியாக இருந்தது.

2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி முதன்முதலாக வந்தபோது எங்களுக்கு இந்த முன்யோசனை இல்லை. அந்த வாரம் என் தங்கைக்கு வளைகாப்பு. நான் போகவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வளையல் அடுக்கிய கையோடு அவள் நிற்கும் போட்டோவில் நான் இல்லை என்பது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

ஆயுத பூஜையன்று ஆயுதத்தைத் தொடக்கூடாது. கணினிதான் நம் ஆயுதம். அப்படியானால் சர்வரை நிறுத்துவதா?

நிறுத்த வேண்டாம். மருந்துக் கடை அன்றைக்கும் திறந்திருக்கும், காய்ச்சல் பண்டிகை பார்த்து வராது. எங்கள் வழக்கம் இது: நிரல் எழுதும் கணினிகளையெல்லாம் முந்தின நாள் சாயங்காலமே மூடித் துடைத்து பூஜையில் வைத்துவிடுவோம். விஜயதசமி காலையில் புனர்பூஜை ஆனபிறகு ஒவ்வொருவரும் தன் கணினியைத் திறந்து ஏதாவது நான்கு வரியாவது எழுத வேண்டும். சர்வரும் உதவி கேட்டு வரும் தொலைபேசியும் மட்டும் ஓடும். ஓடுகிற எந்திரத்துக்கே பொட்டு வைத்துவிடுவோம்.

பொட்டு வைப்பதில் சில விஷயங்களை அனுபவத்தில் தெரிந்துகொண்டோம். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து மூடியின் மேல் மட்டும் வையுங்கள். மடிக்கணினியின் காற்றுத் துளைப் பக்கம் போகக்கூடாது, உள்ளே வழிந்து காய்ந்துவிடும். குங்குமத்தை விசைப்பலகைக்கு மேல் தூவ வேண்டாம். கற்பூரத் தட்டை பில் பிரிண்டர் பக்கம் காட்டவே காட்டாதீர்கள். கடைகளில் பில் அடிக்கும் அந்தச் சின்ன பிரிண்டரின் காகிதம் சூடு பட்டால் கறுத்துப்போகிற வகை. ஒரு வருடம் ஆரத்தி காட்டி முடித்துப் பார்த்தால், வெளியே நீட்டிக்கொண்டிருந்த காகிதத்தின் நுனியில் கட்டைவிரல் அளவுக்குக் கறுப்பு. அத்தை அபசகுனமோ என்று பயந்துபோனார். காரணத்தைச் சொல்லி, இன்னொரு துண்டுக் காகிதத்தை ஊதுபத்திப் பக்கம் காட்டி அதுவும் கறுப்பதைக் காட்டிய பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. வாடகை அலுவலகத்தில் பூஜை செய்கிறவர்கள் கூரையில் புகை அலாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பூசணிக்காயை நடுத்தெருவில் உடைத்துவிட்டுப் போகாதீர்கள். இரு சக்கர வண்டிக்காரர்கள் வழுக்கி விழுகிறார்கள்.

ராகு காலம், ஆடி மாதம் இதெல்லாம் பார்ப்பீர்களா?

பார்க்கிறோம். அதில் சிரமம் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு, திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது என்று எல்லாமே பகல் நேரம். மருந்துக் கடைக்கான அப்டேட் கடை மூடிய பிறகு இரவில்தான் போக முடியும். ஒப்பந்தத்தில் கையெழுத்து, புதிய ஆள் சேர்வது ஆகியவற்றை மட்டும் நல்ல நேரத்தில் வைத்துக்கொள்கிறோம். ஆடியில் புதிதாக எதையும் வெளியிடுவதில்லை. அந்த மாதத்தைச் சோதனைக்கு ஒதுக்கியிருக்கிறோம், ஆவணியில் வெளியிடுகிறோம். நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் வருடத்தில் ஒரு மாதம் சோதனைக்கென்று கிடைப்பது நல்லதுதான்.

மாமியாரோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆபீஸ் நடத்துவது முடிகிற காரியமா?

முடியும். ஆனால் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அது உங்களுக்கு உதவும்.

ஆரம்பத்தில் மாடியில் மூன்று பேர். காலை பதினொன்றுக்கும் சாயங்காலம் நான்குக்கும் அத்தையே ஃபில்டர் காபி போட்டு அனுப்புவார். பிறகு ஐந்து பேர் ஆனார்கள், ஏழு பேர் ஆனார்கள். காபி நிற்கவில்லை. அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கவனிக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் தண்ணீர் குடிக்கக் கீழே வந்தேன். மேடையில் இரண்டு ஃபில்டர்கள். அத்தை ஒரு கையால் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் இரண்டாவது ஃபில்டரில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முழங்கால் வலியால் இரண்டு காலிலும் சேர்ந்தாற்போல் நிற்க முடியவில்லை. கால் மாற்றி மாற்றி நின்றார். அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்குப் பதினான்கு டம்ளர் காபி. சம்பளம் இல்லாமல் எங்கள் கம்பெனிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் செலவுக் கணக்கில் அந்தப் பால், அந்தப் பொடி, அந்த முழங்கால் எதுவுமே இல்லை.

அன்று சாயங்காலமே மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வாரம் ஒரு அக்காவை வேலைக்கு வைத்தோம், கம்பெனிச் செலவில். மாடியிலேயே சின்னதாக ஒரு அடுப்படி. டிகாக்‌ஷன் எந்தப் பதத்தில் இறங்க வேண்டும் என்பதை மட்டும் அத்தை வந்து சொல்லிக்கொடுத்தார். வெள்ளிக்கிழமை மட்டும் அவர் கையால் சுண்டல் மேலே வரும். அது அவராகக் கேட்டு வைத்துக்கொண்டது.

வீட்டில் ஆபீஸ் வைக்கிறவர்கள் வாடகை மிச்சம் என்கிறார்கள். அந்த மிச்சம் யாருடைய உழைப்பிலிருந்து, யாருடைய தூக்கத்திலிருந்து வருகிறது என்று தயவுசெய்து பாருங்கள். பெரும்பாலும் வீட்டில் மூத்த பெண் ஒருவரிடமிருந்துதான் வருகிறது.

மாடிக்கு வெளிப்பக்கமாகத் தனிப் படிக்கட்டு போட்டது இன்னொரு நல்ல காரியம். ஆபீசுக்கு வருகிறவர்கள் கூடத்தைக் கடக்காமல் மேலே போய்விடலாம், வாசல் கோலமும் மிதிபடாது. மாடிக்குத் தனி மின் இணைப்பும் வாங்கினோம். வீட்டு இணைப்பில் கம்பெனியை ஓட்ட வேண்டாம்.

நகையை அடகு வைத்துத் தொழில் தொடங்கலாமா? சொந்தக்காரரிடம் கடன் வாங்கலாமா?

நாங்களும் நகையை வைத்துத்தான் ஆரம்பித்தோம், அதனால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டு சங்கதிகளை மட்டும் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

முதலாவது, ரொக்கம். சித்தப்பா பாசத்தோடு இரண்டு லட்சத்தைக் கையில் கொடுப்பார். வாங்காதீர்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். சொந்தக்காரர் என்பதால் விலக்கு கிடையாது. வங்கி வழியாகவே வரட்டும்.

இரண்டாவது, பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால், இயக்குநரோ அவருடைய நெருங்கிய உறவினரோ கம்பெனிக்குக் கடன் கொடுக்கலாம். ஆனால் "இது நான் வேறு இடத்தில் கடன் வாங்கிக் கொடுக்கும் பணம் அல்ல" என்று எழுத்து மூலம் தர வேண்டும். அடகு வைத்து வந்த பணம் கடன் வாங்கிய பணம்தான். அதைக் கம்பெனிக்குக் கடனாகக் காட்டினால் அந்த உறுதிமொழி பொய்யாகிவிடும். பங்கு முதலீடாகப் போடுவது போன்ற வழிகள் இருக்கின்றன, ஆடிட்டரைக் கேளுங்கள். பங்காகப் போட்டால் நகை யாருடையதோ அவர் பெயரில் போடுங்கள் என்பது என் வேண்டுகோள். என் நாத்தனார் இரண்டு வளையல் கொடுத்தார். இன்றைக்கு அவர் எங்கள் பங்குதாரர்.

குடும்பத்தாரை வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா?

இந்த ஊருக்கு அது புதிதல்ல. இன்று உலகமெல்லாம் தெரிந்த ஜோஹோ, 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் ஸ்ரீதர் வேம்புவும் அவருடைய உடன்பிறந்தவர்களும் டோனி தாமஸும் சேர்ந்து ஆரம்பித்ததுதான். 2009இல்தான் பெயர் மாறியது.

வேலை என்ன, சம்பளம் என்ன என்று எழுதி வைத்துவிட்டுச் சேருங்கள். சம்பளம் வங்கியில் போக வேண்டும். வெளியாளுக்குக் கொடுப்பதைவிட மிக அதிகமாக உறவினருக்குக் கொடுத்தால், அந்த மிகையான பகுதியைச் செலவாக ஏற்க மறுக்க வரி அதிகாரிக்கு உரிமை உண்டு. என் கணவர் கடைகளுக்குப் போய்ப் பேசுவார், நான் மென்பொருள் பக்கம். அவர் வேலையில் நான் மூக்கை நுழைப்பதில்லை. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் ஆபீஸ் பேச்சு கிடையாது. அத்தை போட்ட சட்டம் இது, யாரும் மீறுவதில்லை.

பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் கோயிலுக்குப் போக வேண்டும். அதுதானே கணக்கு முடிக்கிற சமயம்?

எங்கள் சாஸ்தா கோயில் திருநெல்வேலிப் பக்கம். பங்குனி உத்திரம் 2024இல் மார்ச் 25, 2025இல் ஏப்ரல் 11. சில வருடம் நிதியாண்டு முடியும் வாரத்திலேயே வந்து நிற்கும். மார்ச் 31 இரவு கடைகளில் ஸ்டாக் எடுப்பார்கள், ஏப்ரல் 1 முதல் புது பில் வரிசை. அந்த வாரம் தொலைபேசி ஓயாது.

ஆண்டு முடிவுக்கான பதிப்பை மார்ச் 10க்குள் கொடுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டோம். தேதி மார்ச் கடைசியில் விழுந்தால் அத்தையும் பிள்ளைகளும் கணவரோடு முன்னால் போய்விடுவார்கள். நான் எழும்பூரில் இரவு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி, பொங்கல் வைக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து, அடுத்த இரவே திரும்பிவிடுவேன். 2023 செப்டம்பரிலிருந்து வந்தே பாரத்தும் ஓடுகிறது, ஏறக்குறைய எட்டு மணி நேரம். இப்போது முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, எனவே தையிலேயே தேதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள்தானே, போகாமல் இருந்துவிடலாமே என்று தோன்றும். அந்த ஒரு நாளில்தான் என் பிள்ளைகள் தங்கள் பெரியப்பா பிள்ளைகள் எல்லோரையும் ஒரே மரத்தடியில் பார்க்கிறார்கள்.

வீட்டில் துக்கம் நடந்தால் கம்பெனி என்ன ஆகும்?

2019 தை மாதத்தில் மாமா காலமானார். விடியற்காலை நான்கு மணிக்கு. எட்டு மணிக்கெல்லாம் ஒரு கடையிலிருந்து என் கைபேசிக்கு அழைப்பு, பில் அடிக்கவில்லை என்று. அவருக்கு எப்படித் தெரியும்? நான் எடுத்து ஏதோ சொல்ல முயன்றேன், அழுதுவிட்டேன். அவர் போனை வைத்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் மாலையோடு வாசலில் வந்து நின்றார்.

அப்போது ஆறு பேர் இருந்தோம். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை நானும் கணவரும் மாடிக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் சர்வரில் ஒரு கோளாறு. கடவுச்சொல் எனக்கு மட்டும்தான் தெரியும். வாசலில் பந்தல், உள்ளே ஒப்பாரி, ஒரு சின்னப் பையன் வந்து தயங்கித் தயங்கி நின்று என் காதில் கடவுச்சொல் கேட்டான். அவன் என்ன செய்வான், தவறு என்னுடையது. அன்றிலிருந்து முக்கியமான கடவுச்சொற்கள் எப்போதும் இரண்டு பேரிடம் இருக்கும். மூன்றாவது பிரதி ஒட்டிய உறையில் அத்தையின் பீரோவில். வாடிக்கையாளர்களுக்கு என் சொந்த எண்ணைக் கொடுப்பதையும் நிறுத்திவிட்டேன்.

அந்தப் பதினாறு நாளும் மாடியைப் பார்த்துக்கொண்டவர்கள் நான்கு பேர். அதில் மூன்று பேர் இன்றும் எங்களோடு இருக்கிறார்கள். ஊழியர் வீட்டில் துக்கம் என்றால், அவரவர் வழக்கத்தில் காரியம் எத்தனை நாளோ அத்தனை நாளும் சம்பளத்தோடு விடுப்பு. அதை அப்போதுதான் விதியாக எழுதினோம்.

மழை, வெள்ளம், மின்வெட்டு?

2015 டிசம்பர் 1 இரவு தெருவில் ஏறிய தண்ணீர் முன் அறைக்குள் வந்தது. அப்போது சர்வர் அங்கேதான் இருந்தது. கணவரும் பக்கத்து வீட்டு அண்ணனும் மாடிக்குத் தூக்கிப் போவதற்குள் நனைந்துவிட்டது. காப்பாற்றியது பரண். கொலுப் பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி அங்கே வைத்திருப்போம். வாராவாரம் பிரதி எடுக்கும் வட்டையும், தூசி படாமல் இருக்கட்டும் என்று மாமா அப்படியே ஒரு வேட்டித் துண்டில் சுற்றி, தசாவதாரப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். நாலு நாள் வேலை போனது, மற்றதெல்லாம் கிடைத்தது.

இப்போது பிரதி மும்பையில் உள்ள தரவு மையத்துக்குத் தினமும் போகிறது. சென்னையில் தண்ணீர் வந்தால் சென்னையில் இருக்கும் இரண்டு பிரதியும் சேர்ந்தே போகும், அதனால் ஒன்றாவது வெளியூரில் இருக்கட்டும். இணையம் இல்லாவிட்டாலும் கடையில் பில் அடிக்க வேண்டும் என்பதையும் பிடிவாதமாக வைத்திருக்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இரண்டு நாள் எங்களுக்கு மின்சாரமும் இல்லை, இணையமும் இல்லை. கடைகளில் இன்வெர்ட்டர் இருந்தவரை பில் ஓடியது.

எல்லா ஊழியருக்கும் நம் வீட்டுப் பண்டிகையே விடுமுறையா?

இல்லை. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 இந்த நான்கோடு ஐந்து பண்டிகை நாட்கள் விடுமுறை தர வேண்டும் என்கிறது. அந்த ஐந்துக்கு மேல் மூன்று நாட்களை நாங்கள் சேர்த்து, எது வேண்டும் என்று அவரவரே சொல்லலாம் என்று விட்டிருக்கிறோம். ஒருவர் ரம்ஜானும் பக்ரீத்தும் எடுக்கிறார், ஒருவர் புனித வெள்ளி எடுக்கிறார். பொங்கலன்று தொலைபேசி எடுக்க அவர்கள் முன்வருவார்கள், ரம்ஜானன்று நாங்கள் எடுப்போம். நோன்பு மாதத்தில் ஐந்து மணிக்கு மேல் மீட்டிங் வைப்பதில்லை. கொலுவுக்கு ஒரு வெள்ளிக்கிழமை எல்லார் வீட்டாரும் வருவார்கள். அத்தை யாருக்கும் வெற்றிலை பாக்கு கொடுக்காமல் அனுப்பமாட்டார்.

நாமினி போட்டுவிட்டேன், போதாதா?

போதாது. பங்குகளுக்கு நாமினியாக இருப்பவர் அதனாலேயே உரிமையாளர் ஆகிவிடமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. உயில் எழுதுங்கள். மகளுக்கும் சேர்த்து எழுதுங்கள். பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை என்று 1989இலேயே சட்டம் திருத்திய மாநிலம் நம்முடையது.

விளக்கேற்றும் நேரத்தில் வெளிநாட்டு மீட்டிங் வந்தால்?

எங்களுக்கு நியூயார்க்கில் ஒரே ஒரு வாடிக்கையாளர். அவர்களுக்குக் காலை ஒன்பது என்றால் கோடையில் நமக்கு மாலை ஆறரை. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவார்கள். அதன்பின் மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை நமக்கு ஏழரை. குளிர்காலத்தில் சிக்கல் இல்லை. கோடையில் ஆறு மணிக்கு விளக்கேற்றி, அத்தையோடு பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு மேலே போனால் நேரம் சரியாக இருக்கும். ஒருமுறை அவர்கள் ஆறு மணிக்கே பேசலாமா என்று கேட்டார்கள். அந்த நேரம் எங்கள் வீட்டில் விளக்கேற்றும் நேரம், ஆறரைக்கு வருகிறேன் என்று எழுதினேன். எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்று தயங்கித்தான் அனுப்பினேன். சரி என்று பதில் வந்தது. அடுத்த முறை பேசும்போது அந்த விளக்கைப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். கைபேசியைக் கீழே கொண்டுபோனேன். அத்தை தலையைச் சரிசெய்துகொண்டு, திரியை ஒருமுறை தூண்டிவிட்டு, காட்டு என்றார்.